கவரில் இருக்கும் தேதி: நில இழப்பீட்டு மேல்முறையீடும் கடைக்காரர் வழக்கும், குமரி மாவட்டத்தில் புதிதாக இறங்குபவர்களுக்கு

எங்கள் மாமாவுக்கு வில்லுக்குறிக்குப் பக்கத்தில் ரோட்டோரம் 19 சென்ட் விளை (தோட்ட நிலம்) இருந்தது. முன்னால் ஒரு பலசரக்குக் கடை, பின்னால் தென்னையும் இரண்டு அயனி மரமும். நான்குவழிச் சாலைக்கு அதில் 7 சென்ட் போயிற்று, கடையின் முன்பாதியும் சேர்ந்து. தொகை குறைவு என்று ஆட்சியரிடம் மனுப் போட்டார். ஒன்றரை வருடம் கழித்து உத்தரவு பதிவுத் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடிவிட்டார். நான் ஊருக்குப் போனபோதுதான் எடுத்துக் காட்டினார்.

“மக்களே, இத ஒண்ணு பாரு. பைசா கூட்டித் தரல்லன்னு எழுதியிருக்கு போல. பொங்கலு கழிஞ்சு வக்கீலப் பாக்கலாம்னு வச்சேன்.”

கவரின் மேல் இருந்த தபால் முத்திரையைப் பார்த்தேன். 4 மாதமும் 9 நாளும் ஆகியிருந்தது. அவர் போகவேண்டிய நீதிமன்றத்தின் கதவு ஒரு வாரத்துக்கு முன்பே அடைத்துவிட்டது.

நான் வக்கீல் இல்லை. ஆனால் அந்த டின்னைப் பார்த்த பிறகு ஊரில் பலருடைய காகிதங்களைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் தக்கலை தாலுகா ஆபீசுக்கும் நடந்திருக்கிறேன். நிலம் கொடுத்தவர்களும் சரி, நோட்டீஸ் வாங்கிய கடைக்காரர்களும் சரி, தோற்கிற இடம் பெரும்பாலும் நீதிமன்றம் இல்லை. அதற்கு முன்னால், காகிதம் கைக்கு வந்த அந்த முதல் வாரத்திலேயே தோற்றுவிடுகிறார்கள். அதனால் கவர் கைக்கு வந்ததும் அதன் மேலேயே பேனாவால் ‘கிடைத்த நாள்’ என்று தேதியை எழுதுங்கள். கவரைக் கிழித்துப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் உத்தரவோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.

எந்தச் சட்டம் என்று முதலில் பாருங்கள்

நிலம் எடுப்பு என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் எந்தச் சட்டத்தில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மேலே போகும் பாதையே மாறிவிடும். காரோட்டிலிருந்து கன்னியாகுமரி வரும் தேசிய நெடுஞ்சாலை 66, அதாவது நாம் இன்றும் 47 என்றே சொல்லும் பழைய பாதைக்கு மாற்றாகப் போடும் நான்குவழிச் சாலை போன்றவற்றுக்கு, 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம். ரயில்வேயின் சிறப்புத் திட்டம் என்று அறிவித்து எடுத்தால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம். வேறு பல பொதுத் தேவைகளுக்கு 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம். உங்கள் கையில் உள்ள அறிவிப்பின் முதல் பத்தியிலேயே சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்று கேட்டுக்கொண்டு அதே வழியில் போகாதீர்கள். அவர் நிலம் குளத்து வேலைக்குப் போயிருக்கும், உங்கள் நிலம் சாலைக்குப் போயிருக்கும்.

நம் மாவட்டத்தில் அதிகம் பேரைத் தொட்டது நெடுஞ்சாலைச் சட்டம் என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

அதில் முதலில் வருவது 3ஏ அறிவிப்பு, அதாவது இந்த நிலத்தை எடுக்கப் போகிறோம் என்று அந்தச் சட்டத்தின் 3ஏ பிரிவில் சொல்வது. அரசிதழிலும் இரண்டு நாளிதழ்களிலும் வரும். அதில் ஒன்று தமிழ். அறிவிப்பு வெளியானதிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். பாதை ஏன் இந்த வழியாகப் போகவேண்டும், பரப்பு தவறு, பெயர் தவறு என்று சொல்லவேண்டிய இடம் இது. அடுத்தது 3டி, எடுப்பதை உறுதி செய்யும் அறிவிப்பு. அது 3ஏ வந்த ஓராண்டுக்குள் வரவேண்டும், இல்லையென்றால் 3ஏ செல்லாமல் போகும். 3டி வந்த அன்றைக்கே நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமாகிவிடுகிறது. நீங்கள் இன்னும் அங்கேயே குடியிருக்கலாம், தேங்காய் வெட்டலாம்; ஆனால் சட்டப்படி அது உங்களுடையது இல்லை. அதற்குப் பிறகுதான் 3ஜி, அதாவது எவ்வளவு பணம் என்று முடிவு செய்யும் கட்டம். பணத்தைக் கட்டிவைத்த பிறகு, இடத்தை 60 நாளுக்குள் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரும்.

இந்த வரிசையில் நீங்கள் மறக்கக்கூடாத தேதி 3ஏ வெளியான நாள். நிலத்தின் சந்தை மதிப்பைக் கணக்கிடுவது அந்த நாளை வைத்துத்தான். பணம் கைக்கு வரும் நாளின் விலையைச் சொல்லி வாதாடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த வாதம் எங்கேயும் எடுபடாது.

காகிதம் சேர்ப்பது, அதுவும் நம் ஊர்க் காகிதம்

பட்டா, புலப்படம், அ-பதிவேட்டு நகல், வில்லங்கச் சான்று, தீர்வை ரசீது. இவை எல்லா ஊரிலும் கேட்பவை. கிராம நிர்வாக அலுவலகத்திலும் இ-சேவை மையத்திலும் கிடைக்கும். நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல்கள் வேறு.

1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தோம். அதனால் தாத்தா காலத்துப் பிரமாணம் (பத்திரம்) மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த ஆளிடம் கொடுத்து, மொழிபெயர்த்துக் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். சர்வே எண்ணும் அப்படித்தான். பிரமாணத்தில் பழைய சர்வே எண், பட்டாவில் ரீசர்வே எண், அறிவிப்பில் அதன் உட்பிரிவு என்று மூன்று எண்கள் ஓடும். மூன்றையும் ஒரே தாளில் எழுதி, எந்தத் துண்டு எது என்று புலப்படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதிகாரி கேட்கும்போது தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

பரப்பையும் நீங்களே சரிபாருங்கள். அறிவிப்பில் ஹெக்டேர், சதுரமீட்டர் என்று வரும். ஒரு சென்ட் 40.47 சதுரமீட்டர். மாமாவின் நிலம் 0.0283 ஹெக்டேர் என்று இருந்தது. 283 சதுரமீட்டர், அதாவது 7 சென்ட். இதில் ஒரு எண் மாறினாலும் லட்சக் கணக்கில் போகும்.

அடுத்தது நிலத்தின் வகை. நம் பக்கத்தில் வயலை நிரப்பித் தென்னை வைத்து, பிறகு வீடு வைத்து 40 வருடம் ஆகியிருக்கும். பதிவேட்டில் இன்னும் ‘நஞ்சை’ என்றே இருக்கும். இழப்பீடு நிர்ணயிப்பவர் பதிவேட்டைத்தான் முதலில் பார்ப்பார். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எந்த ஆண்டில் எடுத்தது என்ற சான்று, கட்டட அனுமதி, கடை உரிமம், பழைய போட்டோ என்று எது கிடைத்தாலும் சேருங்கள். அது விளை அல்லது வீட்டுமனை என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

மரங்களை வெட்டுவதற்கு முன்னால் எண்ணிப் போட்டோ எடுங்கள். காய்க்கும் மரத்துக்குத் தோட்டக்கலைத் துறையும், தடிக்கு வனத் துறையும், கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறையும் மதிப்புப் போட்டுக் கொடுப்பார்கள். மாமா வீட்டில் வந்து கணக்கெடுத்த அன்று 11 தென்னை நின்றது. பட்டியலில் 8 என்று ஏறியிருந்தது. கணக்கெடுக்கும்போது கூடவே நடந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன் பட்டியலைப் படித்திருந்தால் அன்றைக்கே திருத்தியிருக்கலாம். பிறகு அதற்காக மூன்று முறை அலைந்தோம்.

கணக்கு எப்படி வருகிறது

2015 ஜனவரி 1 முதல் நெடுஞ்சாலைக்கு எடுத்தாலும் 2013 சட்டத்தின் இழப்பீட்டு அட்டவணையே பொருந்தும். சந்தை மதிப்பு, கிராமப்புறம் என்றால் அதைப் பெருக்கும் காரணி, அதோடு கட்டடமும் மரமும், இவை எல்லாவற்றுக்கும் சமமாக 100 சதவீத ஆறுதல் தொகை (விருப்பம் கேட்காமல் நிலத்தை எடுப்பதற்காகத் தருவது), நிலத்தின் சந்தை மதிப்புக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் கூடுதல்.

ஒரு எடுத்துக்காட்டுக்காக, சென்ட்டுக்கு 3 லட்சம், பெருக்கும் காரணி 1 என்று வையுங்கள். 7 சென்ட்டுக்கு 21 லட்சம். கட்டடமும் மரமும் 6 லட்சம். மொத்தம் 27. ஆறுதல் தொகை இன்னொரு 27. ஆக 54. 3ஏ வெளியானதிலிருந்து தொகை முடிவாக ஒன்றரை ஆண்டு ஆனால் 12 சதவீதக் கணக்கில் 3.78 லட்சம். எல்லாம் சேர்த்து 57.78 லட்சம். இதில் சென்ட் விலை மூன்றரை லட்சம் என்று நீங்கள் நிரூபித்துவிட்டால் 65.41 லட்சம் வரும். சென்ட்டுக்கு 50 ஆயிரம் கூடியதில் 7 லட்சத்து 63 ஆயிரம் வித்தியாசம். அதனால்தான் அடிப்படை விலைக்காகத்தான் முழு மூச்சோடு போராடவேண்டும் என்று சொல்கிறேன். மற்ற எல்லாம் அதன் தோளில் ஏறித்தான் வருகின்றன.

அடிப்படை விலையை எதை வைத்து எடுக்கிறார்கள்? அரசு வழிகாட்டி மதிப்பு ஒன்று. பக்கத்தில் அதே மாதிரி நிலம் முந்தைய மூன்று ஆண்டுகளில் விற்ற பத்திரங்களில், விலை கூடிய பாதிப் பத்திரங்களின் சராசரி இன்னொன்று. இதில் எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். எனவே சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த மூன்று ஆண்டுகளின் விற்பனைப் பத்திரங்களைத் தேடி, சான்றிட்ட நகல் வாங்குங்கள். உங்கள் நிலம் போலவே ரோட்டு முகப்பு உள்ளதாக இருக்கட்டும். 2 சென்ட் மனை விற்ற பத்திரத்தைக் காட்டி 2 ஏக்கர் தோப்புக்கு அதே விலை கேட்டால் கழிவு போட்டுக் குறைப்பார்கள்.

இங்கே ஒரு வேதனையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முத்திரைக் கட்டணத்தைக் குறைக்க, கொடுத்த விலையை மறைத்து வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் பதிந்த ஊர் முழுக்க, நிலம் எடுக்க வரும்போது அந்தக் குறைந்த விலைப் பத்திரங்களே சாட்சியாக நிற்கின்றன. 5 லட்சம் கொடுத்து வாங்கிய சென்ட்டை ஒன்றரை லட்சம் என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இனி வாங்குபவர்களாவது உண்மை விலையை எழுதுங்கள்.

பெருக்கும் காரணி எத்தனை போட்டார்கள், உங்கள் ஊரை நகரம் என்று எடுத்தார்களா கிராமம் என்று எடுத்தார்களா என்பதையும் உத்தரவில் பாருங்கள். பேரூராட்சியா ஊராட்சியா என்பதில் குழப்பம் வரும் இடங்கள் நம் மாவட்டத்தில் நிறைய.

வாடகைக் கடைக்காரர்களும் ஒதுங்கி நிற்க வேண்டாம். இடம் மாறும் செலவையும் வருமான இழப்பையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்று 3ஜி பிரிவே சொல்கிறது. 2013 சட்டமோ, எடுப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகளாக அந்த இடத்தை நம்பிப் பிழைத்த வாடகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகவே பார்க்கிறது. வாடகைச் சீட்டு, மின் கட்டண ரசீது, கடை உரிமம் மூன்று ஆண்டுக்கும் இருந்தால் உரிமையோடு கேட்கலாம்.

பணம் வாங்கும் நாள்

பணத்தை வாங்க மறுத்தால்தான் வழக்குப் போட முடியும் என்று ஒரு பேச்சு ஊரில் சுற்றுகிறது. அது தவறு. வாங்குங்கள். வாங்கும்போது ‘எதிர்ப்புத் தெரிவித்துப் பெற்றுக்கொள்கிறேன், கூடுதல் தொகை கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று ரசீதில் உங்கள் கைப்பட எழுதுங்கள். எழுத விடவில்லை என்றால் அன்றைக்கே அதையே ஒரு கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். 2013 சட்டத்தில் இந்த எதிர்ப்புக் குறிப்பு இல்லாமல் வாங்கியவர் பிறகு மேலே போக முடியாது.

பங்காளிகளுக்குள் யாருக்கு எவ்வளவு என்று சண்டை இருந்தால் அந்தத் தொகை உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய்விடும், ஆண்டுக் கணக்கில் அங்கேயே கிடக்கும். அப்பா பெயரில் பட்டா, அப்பா இறந்து 20 வருடம், சகோதரி திருவனந்தபுரத்தில், ஒருவர் வளைகுடாவில் என்பது நம் வீடுகளில் சாதாரணம். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றுக்கு இப்போதே மனுப் போடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிய அதிகாரப் பத்திரம் அனுப்பட்டும். சகோதரியின் பங்கைச் சகோதரியிடமே கேட்டுப் பேசி முடியுங்கள். அவரை மறைத்து வாங்கிய பணத்தை நீதிமன்றம் திரும்பக் கட்டச் சொல்லும்.

ஆட்சியர் முன்: உண்மையான வழக்கு இங்கேதான்

நெடுஞ்சாலைச் சட்டத்தில் தொகை போதவில்லை என்றால் நேராக நீதிமன்றம் போக முடியாது. மத்திய அரசு நியமித்த நடுவரிடம் மனுப் போட வேண்டும். வழக்கமாக மாவட்ட ஆட்சியர்தான் நடுவர். இதற்குச் சட்டத்தில் நாள் கணக்கு எழுதவில்லை என்று நம்பிச் சும்மா இருக்காதீர்கள். தொகை அறிவித்த சில வாரங்களுக்குள் மனு போய்ச் சேர்ந்திருக்கட்டும்.

பலரும் இதை ஒரு கருணை மனு மாதிரி நினைத்து, ‘ஏழைக் குடும்பம், பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், கருணை கூர்ந்து’ என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். என் மாமாவும் அப்படித்தான் செய்தார். ஆனால் இது ஒரு முழு விசாரணை. நடுவர் மன்றச் சட்டம் 1996 இதற்குப் பொருந்தும். இங்கே நீங்கள் வைக்காத பத்திரம், சொல்லாத சாட்சி, கேட்காத தொகை எதுவும் பிறகு மேலே ஏறாது. மாவட்ட நீதிமன்றமும் உயர்நீதிமன்றமும் சாட்சியத்தை மறுபடி எடைபோடும் இடங்கள் இல்லை. நடுவரின் உத்தரவில் சட்டப்படியான பெரிய பிழை இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். ஆகவே வக்கீல் வைப்பதாக இருந்தால் இந்தக் கட்டத்தில் வையுங்கள்.

மனுவில் ஒவ்வொரு தலைப்புக்கும் தொகை போட்டுக் கேளுங்கள்: நிலத்துக்குச் சென்ட்டுக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு, மரத்துக்கு இவ்வளவு. மீதி நிலம் துண்டாகிப் பயனில்லாமல் போனதற்கும், கடை இடம் மாறும் செலவுக்கும் தனியாகக் கேளுங்கள். மாமாவுக்கு மீதி இருந்த 12 சென்ட்டுக்குப் போக வழியே இல்லாமல் போயிற்று. அது இழப்பீட்டுக்குரிய சேதம். அவர் மனுவில் அந்த வரி இல்லை.

பத்திர நகல்களுக்கு வரிசை எண் போட்டு, ஒரு பட்டியலோடு கொடுத்து, உங்கள் படியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். விசாரணை நாளில் தவறாமல் போங்கள்.

மாவட்ட நீதிமன்றம், பிறகு மதுரை

நடுவரின் உத்தரவு பிடிக்கவில்லை என்றால் அடுத்து நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நீதிமன்றத்தில், அந்த நடுவர் மன்றச் சட்டத்தின் 34ஆவது பிரிவில் மனு. கையெழுத்திட்ட உத்தரவு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 3 மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் எந்த நீதிபதியாலும் மன்னிக்க முடியாது. உச்ச நீதிமன்றம் இதில் கறாராக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கிடந்தேன், வக்கீல் மறந்துவிட்டார் என்பதெல்லாம் அந்த 30 நாளுக்குள்தான் செல்லும். என் மாமாவின் டின்னுக்குள் போனது இந்த உத்தரவுதான். நாங்கள் நான்கு வக்கீல்களைப் பார்த்தோம். நான்கு பேரும் தேதியைக் கேட்டுவிட்டு ஒரே பதிலைச் சொன்னார்கள்.

உத்தரவில் கூட்டல் பிழை, பரப்புத் தவறு போன்றவை மட்டும் என்றால் 30 நாளுக்குள் நடுவரிடமே திருத்தக் கேட்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் 3 மாதக் கணக்கு அந்த மனு முடிந்த நாளிலிருந்து ஓடும்.

நீதிமன்றம் தொகையை உயர்த்தித் தருமா என்பது நீண்ட நாள் சிக்கல். 2021இல், தமிழ்நாட்டு நெடுஞ்சாலை நில வழக்கு ஒன்றில்தான், நீதிமன்றம் நடுவரின் தொகையை மாற்ற முடியாது, ரத்து மட்டுமே செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, குறுகிய எல்லைக்குள் மாற்றலாம் என்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆனாலும் சாட்சியத்தை முழுதும் புரட்டிப் பார்த்துப் புது விலை போடும் அதிகாரம் அது இல்லை. ரத்தாகித் திரும்ப நடுவரிடமே போகும் வாய்ப்பு இருக்கிறது என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அதற்கும் மேலே போனால் அதே சட்டத்தின் 37ஆவது பிரிவில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. நம் மாவட்டம் அதன் எல்லைக்குள் வருகிறது. 90 நாள் இருக்கிறது என்றாலும் 60 நாளுக்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு. நாகர்கோவில் உத்தரவின் சான்றிட்ட நகலுக்குத் தீர்ப்பு வந்த அன்றைக்கே விண்ணப்பம் போடுங்கள். நகல் தயாராக எடுத்த நாட்களைக் கழித்துக்கொள்வார்கள், ஆனால் நீங்கள் விண்ணப்பிக்கத் தாமதித்த நாட்களைக் கழிக்க மாட்டார்கள்.

2015க்கு முன் எடுத்த நிலங்களுக்கு ஆறுதல் தொகையும் வட்டியும் இல்லை என்று நெடுஞ்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2025 பிப்ரவரியில் அந்தத் தீர்ப்பு பழைய எடுப்புகளுக்கும் உண்டு என்று உறுதி செய்தது. பழைய வழக்கு இன்னும் நிலுவையில் உள்ளவர்கள் தங்கள் வக்கீலிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

2013 சட்டத்தில் எடுத்திருந்தால்

பாதை வேறு. ஆட்சியரிடம் எழுத்து மூலம், என் வழக்கைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புங்கள் என்று மனுக் கொடுக்க வேண்டும். தொகை அறிவித்தபோது நேரில் இருந்தவருக்கு 6 வாரம். மற்றவருக்கு, நோட்டீஸ் கிடைத்து 6 வாரம் அல்லது அறிவித்த நாளிலிருந்து 6 மாதம், இதில் எது முதலில் முடிகிறதோ அது. தீர்ப்பாயத்தின் முடிவுக்கு மேல் உயர்நீதிமன்றத்தில் 60 நாளுக்குள் மேல்முறையீடு. நீதிமன்றக் கட்டணம், கிடைத்ததற்கும் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத் தொகைக்குத்தான்.

இதில் ஒரு நல்ல வழி இருக்கிறது. அதே அறிவிப்பில் நிலம் கொடுத்த பக்கத்துக்காரர் தீர்ப்பாயத்தில் கூடுதல் தொகை வாங்கிவிட்டால், வழக்கே போடாத நீங்களும் அந்தத் தீர்ப்பு வந்த 3 மாதத்துக்குள் ஆட்சியரிடம் அதே விலையைக் கேட்கலாம். ஊரில் யாருக்குத் தீர்ப்பு வந்தது என்று காதைத் திறந்து வையுங்கள்.

வக்கீல் கட்டணம் பற்றி

கூடுதலாகக் கிடைப்பதில் இத்தனை சதவீதம் எனக்கு என்று எழுதி வாங்குவதும், வெற்றுக் காசோலையில் கையெழுத்து வாங்குவதும் நடக்கின்றன. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை வழக்கறிஞர் கழக விதிகளே தடுக்கின்றன. கட்டணத்தைத் தொகையாகப் பேசுங்கள், ரசீது கேளுங்கள், மூலப் பத்திரத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெறலாம். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசினால் அன்றைக்கே முடியும். ஆனால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. கையெழுத்துப் போடும் முன் வீட்டில் ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனி, கடை நடத்துபவர்களுக்கு

ரோட்டோரக் கடைக்காரர்களுக்கு வரும் நோட்டீஸ்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று தராசு, இன்னொன்று உணவு.

தராசு, படி, பாக்கெட் விஷயங்களுக்கு 2009ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டம். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறைதான் பார்க்கிறது. மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை, படிக்கற்களுக்கு 24 மாதத்துக்கு ஒரு முறை மறுமுத்திரை போடவேண்டும். முத்திரைச் சான்றைக் கடையில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டுங்கள். தராசை ரிப்பேர் செய்தால் பழைய முத்திரை செல்லாது, மறுபடி போட வேண்டும். அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். மீன் சந்தைகளில் உப்புத் தண்ணீர் பட்டுத் தராசு அடிக்கடி பழுதாகும், ரிப்பேர்காரர் சரியாக்கிக் கொடுத்துவிட்டுப் போவார், சீல் அறுந்தது யாருக்கும் நினைவிருக்காது.

குற்றம் என்று சொன்னால் சமரசக் கட்டணம் கட்டி முடிக்கும் வழி பெரும்பாலும் இருக்கும். ஆனால் அப்படி முடித்த 3 ஆண்டுக்குள் அதே குற்றம் மறுபடி வந்தால் சமரசம் கிடையாது, நீதிமன்றம்தான். எனவே உங்கள் பக்கம் நியாயம் இருக்கும்போது, தொல்லை வேண்டாம் என்று முதல் தடவை கட்டிவிடாதீர்கள். அதிகாரியின் உத்தரவை எதிர்த்து 60 நாளுக்குள் மேலதிகாரியிடம் முறையீடு செய்யலாம். எதையாவது எடுத்துக்கொண்டு போனால் பட்டியல் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

உணவு என்றால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். ஏத்தங்காய் சிப்ஸ், தேங்காய் எண்ணெய், மிக்சர் என்று நம் கடைகளில் மாதிரி எடுக்க வருவார்கள். மாதிரியை நான்கு பங்காகப் பிரிப்பார்கள். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம் (மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பு அதிகாரி). நான்காவது பங்கை, நீங்கள் எழுதிக் கேட்டால், அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த உரிமை இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. மாதிரி எடுக்கும் நேரத்திலேயே, நோட்டீஸ் தாளிலேயே எழுதிக் கேளுங்கள். எடுத்த பொருளுக்கு அவர்கள் விலை கொடுக்க வேண்டும்; அதற்குப் பில் போடுங்கள். பகுப்பாய்வு அறிக்கை சரியில்லை என்று தோன்றினால் கிடைத்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் முறையிட்டு, மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கலாம். இந்த 30 நாளை விட்டவர்கள் பிறகு அறிக்கை தவறு என்று எவ்வளவு சொன்னாலும் காதில் ஏறுவதில்லை.

மூடிய பாக்கெட்டை வாங்கியபடியே விற்றவருக்குப் பெரிய பாதுகாப்பு, வாங்கிய பில். பில் இல்லாமல் வேனில் வந்து இறக்கிவிட்டுப் போகும் சரக்கை அன்றைய லாபத்துக்காக அடுக்கினால், தயாரித்தவர் செய்த தவறும் உங்கள் தலையில் விழும்.

தரக்குறைவு, தவறான லேபிள் போன்றவை அபராத விசாரணை. அதை மாவட்ட வருவாய் அலுவலர் நடத்துவார். தரக்குறைவுக்கு 5 லட்சம் வரை, லேபிள் குறைக்கு 3 லட்சம் வரை போடலாம் என்று சட்டம் சொல்கிறது. அது உச்சவரம்புதான். அதில் உங்களுக்கு எவ்வளவு லாபம் வந்தது, இது முதல் தடவையா, தெரிந்து செய்ததா என்பவற்றைக் கணக்கில் எடுக்கவேண்டும். எனவே கணக்குப் புத்தகத்தோடு போங்கள். அந்த உத்தரவுக்கு மேல் 30 நாளுக்குள் உணவுப் பாதுகாப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அதற்கு மேல் 60 நாளுக்குள் உயர்நீதிமன்றம். பாதுகாப்பற்ற உணவு என்று அறிக்கை வந்தால் அது சிறைத் தண்டனை வரை போகும் குற்ற வழக்கு. அன்றே வக்கீலிடம் போங்கள்.

குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிற்கும் நாளில் ஒன்றை நினைவில் வையுங்கள். ‘ஒத்துக்கிட்டா அம்பதோ நூறோ பைன் போட்டு விட்ருவாங்க’ என்று வராந்தாவில் யாராவது சொல்வார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையோ அது சட்டப்படி செல்லுமா என்பதையோ தவிர, வேறு எதற்கும் மேல்முறையீடு செய்ய முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 416ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. அந்த ஒப்புதல் அடுத்த வழக்கில் ‘இரண்டாவது குற்றம்’ என்று உங்களுக்கு எதிராக நிற்கும், உரிமம் புதுப்பிக்கும்போதும் கேள்வியாக வரும். தவறு செய்யவில்லை என்றால், செய்யவில்லை என்று சொல்லி விசாரணை கேளுங்கள்.

விசாரணை நடந்து தண்டனை வந்தால் 30 நாளுக்குள் செசன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. அதோடு, தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லித் தனி மனுவும் போட வேண்டும். மேல்முறையீடு போட்டதாலேயே தண்டனை நின்றுவிடாது. அபராதத்தைக் கட்டிவிட்டால் அப்பீல் போட முடியாது என்று பயப்பட வேண்டாம், போடலாம். கட்டிய ரசீதைத் தீர்ப்பு நகலோடு சேர்த்து வையுங்கள், ஜெயித்தால் திரும்ப வாங்க அது வேண்டும்.